புயலை வென்றவர்கள் உப்பிடம் தோற்பது ஏன்? வங்கதேசத்தின் காலநிலை நடவடிக்கைகள்: ஒரு மதிப்பீடு

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியுள்ள கழிமுகத்தையும் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 5 லட்சம் என்று கணக்கிடுவோரும் உண்டு. 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் கரையைக் கடந்த புயல் சுமார் 1,38,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2007 நவம்பரில் வந்த சிதர் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020 மே மாதத்து அம்பன் புயலில் வங்கதேசம் இழந்த உயிர்கள் முப்பதுக்கும் குறைவு. அதே ஐம்பது ஆண்டுகளில் அதே கரையோரத்தில் இன்னொரு கணக்கு எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. 1973இல் 8.33 லட்சம் ஹெக்டேராக இருந்த உவர் நிலம் 2009இல் 10.56 லட்சம் ஹெக்டேராகப் பெருகிவிட்டதாக அந்நாட்டின் மண்வள நிறுவனம் கணக்கெடுத்தது. புயலுக்குத் தப்பிய குடும்பம் குடிநீருக்கு அலைகிறது; சில ஆண்டுகளில் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு டாக்காவுக்குப் போகிறது. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே கடற்கரை. ஒன்றில் இவ்வளவு பெரிய வெற்றியும் மற்றொன்றில் இவ்வளவு பெரிய சறுக்கலும் எப்படி நேர்ந்தன?

வறுமை, மக்கள்தொகை, கடல்மட்ட உயர்வு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இந்த வேறுபாட்டை விளக்குவதில்லை. அவை இரண்டுக்கும் பொதுவானவை. புயல் எச்சரிக்கையை வங்கதேசம் ஆண்டு முழுவதும் ஆள் வைத்து நடத்த வேண்டிய பணியாக எடுத்துக்கொண்டது. கரை, நீர், நிலம், நிதி ஆகியவற்றையோ கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தும் திட்டங்களாகவே எடுத்துக்கொண்டது. வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான சான்றுகளை முதலில் பார்த்துவிட்டு, இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றைப் பின்னர் எடைபோடலாம்.

கொடி ஏற்றும் கைகள்

மேலே சொன்ன சாவு எண்ணிக்கைகளை அப்படியே ஒப்பிடுவது முழு நியாயமாகாது. சிதர் சுந்தரவனத்து அலையாத்திக் காடுகளின் பக்கமாகக் கரையேறியதால் கடற்பெருக்கின் வேகத்தைக் காடு ஓரளவு தாங்கிக்கொண்டது. அம்பன் மேற்கு வங்கத்தில்தான் கரையைக் கடந்தது. ஆனாலும் 1991 புயலும் சிதரும் வலிமையில் ஏறத்தாழ இணையானவை. இரண்டுக்கும் இடையே சாவு நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்ததைக் காடு மட்டுமே செய்திருக்க முடியாது. காரணம் தேடினால் 1970 புயலுக்குப் பிந்தைய அரசியலுக்கே போக வேண்டியிருக்கிறது. நிவாரணத்தில் இஸ்லாமாபாத் காட்டிய மெத்தனம் வங்காளிகளின் கோபத்தைக் கிளறியது. அடுத்த மாதமே நடந்த பொதுத்தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160 அவாமி லீக்குக்குப் போயின. ஓராண்டில் தனி நாடு பிறந்தது. புயலில் மக்களைக் கைவிட்ட அரசு நிலைக்காது என்ற பாடம் அந்த நாட்டின் பிறப்போடு சேர்ந்தே வந்தது.

புயல் ஆயத்தத் திட்டம் 1972இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு தந்த பணத்தில் தொடங்கியது. ஓராண்டிலேயே அக்கூட்டமைப்பு விலகிக்கொள்ள முடிவெடுத்தது. வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கிய எத்தனையோ முயற்சிகள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன. ஆனால் போரில் நொறுங்கி, கருவூலம் காலியாகிக் கிடந்த புதிய அரசு 1973 ஜூலை முதல் அதன் தொடர்செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றது. செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து நடத்தும் கூட்டு நிர்வாகத்தை அமைத்தது. பிறகு ராணுவ ஆட்சிகள் வந்தன, தேர்தல் ஆட்சிகள் வந்தன. ஒன்றை ஒன்று பழிதீர்த்துக்கொண்ட கட்சிகள் ஆண்டன. இந்த ஏற்பாட்டை மட்டும் யாரும் கலைக்கவில்லை.

அது களத்தில் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் அதன் பலம் விளங்கும். கரையோரம் முழுவதும் 3,801 அலகுகள். ஒவ்வோர் அலகிலும் 20 தொண்டர்கள், பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். மொத்தம் 76,020 பேர். நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு எண்களைப் போன்ற குறியீடு அங்கும் உண்டு. எண் 4 வந்தால் ஊரில் ஒரு கொடி, 5 முதல் 7 வரை இரண்டு கொடிகள், 8 முதல் 10 வரை மூன்று கொடிகள். மூன்றாவது கொடி ஏறினால் ஊரைக் காலிசெய்து பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். கைச் சைரனும் ஒலிபெருக்கியும் வானொலிப் பெட்டியும்தான் தொண்டரின் கருவிகள். சம்பளம் கிடையாது. பயிற்சியும் ஒத்திகையும் ஆண்டுதோறும் நடக்கின்றன. அறிவிப்பவர் அடுத்த தெருக்காரர் என்பதால், வானிலை அலுவலகத்தை நம்பாதவர்களும் அவரை நம்புகிறார்கள்.

பெண்களைப் பாதிக்குப் பாதி சேர்த்தது சடங்குக்காகச் செய்ததல்ல. 1991இல் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு இறந்தார்கள். எச்சரிக்கை சந்தையிலும் தேநீர்க் கடையிலும் ஆண்களின் காதில் விழுந்தது. வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு வந்து சேரவில்லை. வந்தபோதும் கணவர் இல்லாமல் வெளியேறத் தயக்கம். மையத்தில் பெண்களுக்குத் தனி இடமோ கழிப்பறையோ இல்லை. கையில் குழந்தை, உடலில் சேலை, மேலே ஏறும் தண்ணீர். இதைப் பாடமாக எடுத்துக்கொண்டு தொண்டர் படையையும் மையங்களையும் மாற்றினார்கள். பல மையங்கள் தூண்களின் மேல் எழுப்பிய தொடக்கப்பள்ளிகள். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் குழந்தைகள் புழங்குவதால் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை. கோவிட் பரவிக்கொண்டிருந்த 2020 மே மாதத்தில் அம்பன் வந்தபோது இந்த அமைப்பு 24 லட்சம் பேரை இடம்பெயர்த்தது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்பு, உள்ளூர் ஆட்கள், வெளியார் போன பின்னும் நிற்காத சிறு தொகை: இந்த மூன்றும்தான் சாவைக் குறைத்தன.

கரை கட்டியபின் என்ன?

இனி கரையின் கதை. 1960களில் அமெரிக்க உதவியோடு, டச்சுக்காரர்களின் முன்மாதிரியில், கழிமுகத் தீவுகளையும் தாழ்நிலங்களையும் சுற்றி மண்கரை எழுப்பும் பணி தொடங்கியது. போல்டர் என்று அழைக்கப்படும் இத்தகைய கரைசூழ் நிலங்கள் இன்று 139 இருக்கின்றன. உப்பு நீரைத் தடுத்து நெல் விளைச்சலைக் கூட்டுவதே அப்போதைய நோக்கம். காலநிலை மாற்றம் என்ற பேச்சே எழாத காலம் அது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் விளைச்சலும் கூடியது. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகள் ஆண்டுதோறும் சுமந்து வரும் 100 கோடி டன் அளவிலான வண்டல்தான் இந்த நிலத்தை உருவாக்கியது, உயர்த்தியும் வந்தது. கரை உப்பைத் தடுத்தபோது வண்டலையும் தடுத்துவிட்டது. உள்ளே போக வழியில்லாத வண்டல் ஆற்றுப் படுகையில் படிந்தது. படுகை உயர, கரைக்குள் இருந்த நிலமோ இறுகித் தாழ்ந்தது.

2009 மே மாதம் ஐலா புயல் வந்தபோது இதன் விலை தெரிந்தது. வங்கதேசத்தில் சுமார் 190 பேர் இறந்தார்கள். முந்தைய கணக்குகளோடு பார்த்தால் இது சிறிய புயல். ஆனால் குல்னா மாவட்டம் தாகோப் பகுதியில் 32ஆம் எண் போல்டரின் கரை பல இடங்களில் உடைந்தது. கரைக்குள் இருந்த நிலம் வெளியே இருந்த சுந்தரவனத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர்வரை தாழ்ந்து போயிருந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதே ஐம்பதாண்டுகளில், கரை இல்லாத காடு வண்டலை வாங்கி வாங்கிக் கடலோடு சேர்ந்து உயர்ந்திருந்தது. தாழ்ந்த நிலத்துக்குள் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்க, உடைப்பை அடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எஞ்சிய கரையின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. புயல் கொல்லாதவர்களின் வாழ்க்கையைக் கரை அடைக்கப்படாத அந்த ஈராண்டுகள் அழித்தன.

கரை உடைந்ததற்குப் புயல் மட்டும் பொறுப்பல்ல. ஒவ்வொரு போல்டரிலும் மதகுகள் உண்டு. மழைநீரை வடிக்கவும் ஓத நீரைத் தடுக்கவும் அவற்றை நேரம் பார்த்துத் திறந்து மூட ஆள் வேண்டும். கலாசி எனப்பட்ட இந்த மதகுக் காவலாட்களை நீர் மேம்பாட்டு வாரியம் முன்பு சம்பளத்துக்கு வைத்திருந்தது. 1990களின் ஆட்குறைப்பில் அந்தப் பணியிடங்கள் ஒழிந்தன. மதகு உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களின் கைக்குப் போனது. 1980களில் தொடங்கிய ஏற்றுமதி இறால் வளர்ப்புக்கு உப்பு நீர் தேவைப்பட்டது. உப்பைத் தடுக்கக் கட்டிய மதகு உப்பை உள்ளே விடத் திறக்கப்பட்டது. மதகு போதாதபோது கரையைத் துளைத்துக் குழாய் சொருகினார்கள். அந்தத் துளைகள் உள்ள இடத்தில் கரை பலவீனப்பட்டது. இறாலை 'வெள்ளைத் தங்கம்' என்று கொண்டாடிய அரசுக்கு அது அந்நியச் செலாவணி. பக்கத்து வயல்காரருக்கு அது நெல்லும் மாட்டுத் தீவனமும் குடிநீர்க் குளமும் போன கதை.

எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. 1990 நவம்பர் 7 அன்று குல்னாவின் 22ஆம் எண் போல்டரில் இறால் பண்ணையை எதிர்த்து ஊர்வலம் போன நிலமற்ற மக்களின் முன்வரிசையில் நின்ற கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். அந்தப் போல்டருக்குள் இறால் பண்ணை வரவில்லை. அவர் நினைவு நாளில் இன்றும் அங்கே மக்கள் கூடுகிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாகப்பட்டினக் கடலோரத்திலும் இதே சண்டை நடந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிலம் உவராவது கடலின் வேலை மட்டுமல்ல, யார் மதகைத் திறக்கிறார் என்பதும் அதில் அடங்கும் என்பதை வங்கக் கடலின் இரு முனைகளிலும் நிலமற்றவர்கள்தான் முதலில் சொன்னார்கள்.

வண்டல் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களும் அவர்களே. ஜசோர், குல்னா பகுதிகளில் ஆறு தூர்ந்து ஆண்டுக்கணக்கில் வெள்ளம் வடியாமல் நின்றபோது, 1990இல் டாகாதியா தாழ்நிலத்திலும் 1997இல் பாய்னா தாழ்நிலத்திலும் மக்கள் கூடிக் கரையை வெட்டினார்கள். ஓத நீர் உள்ளே வந்து வண்டலை நிலத்தில் இறக்கிவிட்டு, திரும்பும் வேகத்தில் ஆற்றுப் படுகையை அரித்து ஆழமாக்கியது. நிலம் உயர்ந்தது, ஆறு திறந்தது. முதலில் இதைச் சட்ட மீறலாகப் பார்த்த பொறியாளர்கள் பிறகு அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 'ஓத ஆற்று மேலாண்மை' என்ற பெயரில் அது அரசுக் கொள்கையானது. அங்கேயும் அரசு திட்ட மனப்பான்மையோடுதான் நுழைந்தது. தாழ்நிலத்தைச் சில ஆண்டுகள் ஓதத்துக்கு விட்டுக்கொடுக்கும் உழவருக்கு அந்த ஆண்டுகளின் விளைச்சலுக்கு ஈடு தர வேண்டும். பத்திரமும் வாரிசுச் சான்றும் கேட்டு அலைக்கழித்ததில் முந்தைய இடங்களில் பலருக்கு அந்த ஈட்டுத்தொகை கைக்கு வரவில்லை. 2012இல் காபாலியா தாழ்நிலத்துக்கு அதிகாரிகள் போனபோது மக்கள் திரண்டு தடுத்தார்கள், வன்முறை வெடித்தது, பணி நின்றது. அறிவியலில் குறையில்லை. குத்தகைக்காரருக்கும் சேர்த்து ஆண்டுதோறும் பணம் தரத் தெரிந்த ஓர் அலுவலகம் இல்லை, அவ்வளவுதான்.

திட்டங்களும் பணமும்

ஆவணங்களைப் பொறுத்தவரை வங்கதேசம் வளரும் நாடுகளுக்கு முன்னோடி. 2005இல் தேசியத் தகவமைப்புச் செயல்திட்டம், 2009இல் காலநிலை மாற்ற உத்தியும் செயல்திட்டமும், 2010இல் சட்டத்தின் வழி அமைந்த காலநிலை அறக்கட்டளை நிதி, 2012இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2018இல் நெதர்லாந்து உதவியோடு வகுத்த டெல்டா திட்டம் 2100, 2022இல் தேசியத் தகவமைப்புத் திட்டம். இவற்றில் 2009 செயல்திட்டம் தனிக் கவனத்துக்குரியது. இடைக்கால அரசு வகுத்த வரைவைத் தேர்தலில் வென்று வந்த அரசு தூக்கி எறியாமல் திருத்தி ஏற்றது. பிறர் பணத்துக்குக் காத்திராமல் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஆண்டுக்கு 700 கோடி டக்கா ஒதுக்கவும் தொடங்கியது. அன்று வேறெந்த ஏழை நாடும் காட்டாத துணிவு அது.

அந்தத் துணிவு நீடிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் 700 கோடியாக இருந்த ஒதுக்கீடு 400 ஆனது, 200 ஆனது, பின்னர் 100 கோடியில் வந்து நின்றது. வந்த பணமும் நூற்றுக்கணக்கான சிறு திட்டங்களாகச் சிதறியது: இங்கே ஒரு வாய்க்கால், அங்கே ஒரு துண்டுக் கரை. திட்டத் தேர்வில் அரசியல் செல்வாக்கும் கட்டுமானத்தில் முறைகேடும் இருந்ததை டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் வங்கதேசக் கிளை ஆய்வறிக்கைகளில் எடுத்துக்காட்டியது. நிதியின் ஒரு பங்கை வைப்பாக வைத்திருக்கச் சட்டம் சொன்னது. அப்படி ஒரு தனியார் வங்கியில் போட்ட 500 கோடி டக்காவுக்கும் மேலான தொகை, அந்த வங்கி நொடித்துப்போனதால் திரும்பி வராமல் சிக்கியது. உலக வங்கியைப் பொறுப்பாளராகக் கொண்டு நன்கொடை நாடுகள் 2010இல் தொடங்கிய இன்னொரு நிதியம், யார் கையில் சாவி என்ற இழுபறியிலேயே ஏழெட்டு ஆண்டுகளில் மூடப்பட்டது.

2022 தகவமைப்புத் திட்டம் 27 ஆண்டுகளில் 113 பணிகளுக்கு 23,000 கோடி டாலர் வேண்டும் என்கிறது. ஆண்டுக்குச் சராசரி 850 கோடி டாலர். இவ்வளவு பணம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொகையைவிடக் கவலை தருவது டெல்டா திட்டத்தில் புதைந்திருக்கும் ஒரு வரி. நீர், நிலப் பணிகளுக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் தேவை, அதில் 0.5 சதவீதம் பராமரிப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அத்திட்டம், நடைமுறையில் பராமரிப்புக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கே என்பதையும் ஒப்புக்கொள்கிறது. கடன் தருபவர் புதிய கரைக்குத் தருவார்; பழைய கரையின் எலி வளையை அடைக்கத் தரமாட்டார். அமைச்சருக்கும் புதிய கரையில்தான் கல்வெட்டு கிடைக்கும். அன்று ஆண்ட குடும்பத்தின் பெயரைச் சூட்டிய காலநிலைத் திட்டங்களும் வந்தன. 2024 ஆகஸ்டில் அந்த ஆட்சி வீழ்ந்தபோது பெயர்களோடு சேர்ந்து திட்டங்களின் எதிர்காலமும் கேள்விக்குள்ளானது. யார் பெயரும் இல்லாத புயல் ஆயத்தத் திட்டத்துக்கு அந்தச் சிக்கல் எழவில்லை.

எதிர்வாதங்கள்

முதல் மறுப்பு நீதியின் பெயரால் வருகிறது. உலகின் பசுங்குடில் வாயுக்களில் வங்கதேசத்தின் பங்கு அரை சதவீதத்தைத் தொடாது. குற்றம் செய்தவர்கள் வேறிடத்தில் இருக்க, பாதிக்கப்பட்டவரிடம் கணக்குக் கேட்பது அநியாயம் இல்லையா? பாதி உண்மை. மறைந்த சலீமுல் ஹக் போன்ற வங்கதேச அறிஞர்கள் முப்பதாண்டுகளாக வாதாடியதன் பயன், 2022இல் ஷர்ம் எல்-ஷேக் மாநாட்டில் 'இழப்பும் சேதமும்' நிதியம் ஏற்கப்பட்டது. தகவமைப்புப் பணத்தில் பெரும்பகுதி கடனாக வருவது, சேதப்படுத்தியவர் பாதிக்கப்பட்டவரிடம் வட்டி வாங்குவதற்குச் சமம். இதையெல்லாம் உரக்கச் சொல்ல வங்கதேசத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பணம் வந்து சேரும் இடம் எது? கலாசி இல்லாத மதகுக்கும் ஈடு கிடைக்காத உழவருக்கும் அது போய்ச் சேரும் வழி இல்லையென்றால், நீதி வென்ற பிறகும் தாகோப்பின் குடிநீர் உப்பாகவே இருக்கும். சொந்தப் பணத்தை ஒழுங்காகச் செலவிட்டுக் காட்டும் நாட்டின் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பதும் பணக்கார நாடுகளுக்குக் கடினம்.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரவாதிகளுடையது. வளர்ச்சியே சிறந்த தகவமைப்பு. சாவு குறைந்ததற்குச் சாலை, கைப்பேசி, செங்கல் வீடு, பெண்கல்வி எல்லாம் காரணம். இதிலும் உண்மை உண்டு. உப்பைத் தாங்கும் பிரி தான் 47, 67, வெள்ளத்தில் மூழ்கினாலும் இருவாரம் தாக்குப்பிடிக்கும் பிரி தான் 51, 52 ஆகிய நெல் வகைகளை அரசு ஆராய்ச்சி நிறுவனம் தந்தது வளர்ச்சியின் கொடைதான். 2003இல் தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டம் 40 லட்சம் வீடுகளைத் தொட்டது. ஆயினும் எந்த வளர்ச்சி என்று கேட்காமல் இருக்க முடியாது. இறாலும் வளர்ச்சிதான், அது உப்பை ஊருக்குள் கொண்டுவந்தது. சிதரைத் தாங்கிய சுந்தரவனத்திலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் ராம்பாலில், இந்தியாவின் தேசிய அனல் மின் நிறுவனத்தோடு சேர்ந்து 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழுப்பியதும் வளர்ச்சி என்ற பெயரில்தான். 2021இல் பத்து நிலக்கரித் திட்டங்களைக் கைவிட்ட அதே அரசு இதை விடவில்லை. காடு கேட்பாரற்ற காவலாள் என்பதால் அதன் பக்கம் பேச ஆளில்லை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது: உவர் பெருக்கத்தைக் காலநிலையின் கணக்கில் எழுதுவதே தவறு, 1975இல் இந்தியா ஃபராக்கா அணையை இயக்கத் தொடங்கிய பின் வறண்ட பருவத்தில் தென்மேற்கு ஆறுகளுக்கு நன்னீர் குறைந்தது, போல்டர் நிலம் தாழ்ந்தது, இறால் வந்தது, கடல்மட்டம் உயர்ந்தது இவற்றில் ஒன்று மட்டுமே. இதை நான் முழுதாக ஏற்கிறேன். எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டுவது ஆட்சியாளர்களுக்கு வசதியானது. இறால் குத்தகையைப் பற்றியோ கரை ஒப்பந்தக்காரரைப் பற்றியோ பேச வேண்டியதில்லை, கையை விரித்து ஜெனிவாவையும் வாஷிங்டனையும் காட்டினால் போதும். தாகோப்பில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள் உப்பு கலந்த குடிநீருக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டின. அந்தத் தாய்க்கு உப்பு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை; எந்தக் கணக்கை அவளுடைய அரசால் இன்றே குறைக்க முடியும் என்பதுதான் முக்கியம். கடல்மட்டத்தை டாக்காவால் இறக்க முடியாது. மதகை மூட முடியும்.

கடைசி மறுப்பு விரக்தியிலிருந்து பிறப்பது: கடல் ஒரு மீட்டர் உயரும்போது நாட்டில் ஆறில் ஒரு பங்கு மூழ்கும் என்கிறார்கள், எதற்கு இந்தக் கரையும் மதகும்? இப்படிச் சொல்லும் வரைபடங்கள் டெல்டாவை அசையாத தட்டாகக் கருதுகின்றன. மேக்னா கழிமுகத்தில் அரிப்பும் ஆக்கமும் ஒருசேர நடக்கின்றன. குதுப்தியா தீவு கரைந்துகொண்டிருக்க, நவகாளிக் கரையில் புதிய மணல்திட்டுகள் எழுகின்றன. அங்கே 1994 முதல் நிலமற்றவர்களைக் குடியேற்றிப் பட்டா வழங்கும் பணி நடந்துவருகிறது. ஆகவே மூழ்குவது விதியல்ல. இடம்பெயர்வு நிச்சயமாக இருக்கும், 2050க்குள் 1.33 கோடி பேர்வரை உள்நாட்டில் இடம்பெயரக்கூடும் என்று 2018இல் உலக வங்கி மதிப்பிட்டது. இதற்கும் முதல் பதில் கட்டடமாகத்தான் வந்தது: காக்ஸ் பஜார் அருகே குருஷ்குல்லில் 4,400 குடும்பங்களுக்கு ஐந்து மாடி வீடுகள். கூரை கிடைத்தது, கடலையும் கருவாட்டையும் நம்பிய மீனவருக்கு மாடி வீட்டில் வலை காயப்போட இடம் ஏது? மோங்லா போன்ற சிறு துறைமுக நகரங்களில் வேலையும் பள்ளியும் மருத்துவமும் பெருக்கி, டாக்காவின் குடிசைப் பகுதிகளுக்குப் போகிறவர்களை வழியிலேயே வரவேற்கலாம் என்று சலீமுல் ஹக் முன்வைத்த யோசனை இதைவிட நல்லது. ஆனால் அது ஒருமுறை கட்டி முடிக்கிற வேலையல்ல, நகராட்சிகளை ஆண்டுதோறும் நடத்துகிற வேலை.

சான்றுகள் மொத்தத்தில் சொல்வது இதுதான். வங்கதேசத்துக்கு அறிவும் உண்டு, ஆவணமும் உண்டு, மக்களின் துணிவும் உண்டு. 1973இல் ஒருமுறை செய்து காட்டியதைப் போல வெளியாரின் பணம் நின்ற பிறகும் நடக்கும் அன்றாடப் பணியாக அதை மாற்றும் முடிவுதான் கரைக்கும் நீருக்கும் நிலத்துக்கும் இன்னும் எடுக்கப்படவில்லை. செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. மதகுதோறும் சம்பளம் பெறும் ஆள். பராமரிப்புக்குச் சட்டப்படி ஒதுக்கிய நிதி. ஓதத்துக்கு நிலம் கொடுப்பவருக்குக் குத்தகைக்காரர் உட்பட உரிய காலத்தில் ஈட்டுத்தொகை. உப்பு நீரை எந்தப் போல்டருக்குள் விடலாம், எதில் கூடாது என்று அங்கே வாழ்வோர் முடிவு செய்யும் அதிகாரம். காலக்கெடுவும் நெருங்கிவிட்டது. கங்கை நீரைப் பகிர 1996இல் இந்தியாவோடு செய்த முப்பதாண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பரில் முடிகிறது. குறைவளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் விடுபட ஐ.நா. குறித்த தேதியும் அதே ஆண்டு நவம்பர். நன்னீரும் சலுகைக் கடனும் சேர்ந்தே சுருங்கக்கூடிய நேரத்தில், இருக்கும் கரையைக் காப்பது புதிய கரை கட்டுவதைவிட மலிவு என்ற எளிய கணக்கே அந்நாட்டுக்குப் பெரிய காலநிலைக் கொள்கையாக அமையும். அதன் பலனை அளக்கும் கோலும் தயாராக இருக்கிறது: அடுத்த உவர் நிலக் கணக்கெடுப்பில் 10.56 லட்சம் ஹெக்டேர் என்ற எண் குறைந்திருக்க வேண்டும்.